மார்க் சொல்வதும் சொல்லாததும்: ராமநாதபுரம் கடலோரப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மண்டபம், திருப்புல்லாணி, கடலாடி ஒன்றியங்களில் ஆசிரியர் பயிற்றுநராக வேலை பார்த்த காலத்திலும், இப்போது பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களுக்குப் போகும்போதும், ஒரே சந்தேகங்கள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. பாம்பனில் கேட்டதையே ஏர்வாடியிலும் கேட்கிறார்கள், வாலிநோக்கத்திலும் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். மேலிருந்து கீழே வரிசையாகப் படித்தால் நல்லது, பின்னால் வரும் சில பதில்கள் முன்னால் உள்ளவற்றை நம்பி நிற்கின்றன.

"பரீட்சைன்னா பரீட்சைதானே சார். ஏன் இத்தனை பேருல வைக்கிறாங்க?"

எதற்காக வைக்கிறார்களோ அதைப் பொறுத்துப் பெயர் மாறும். பாடம் நடக்கும்போதே 'இவனுக்குப் புரிந்ததா' என்று பார்ப்பது வளரறி மதிப்பீடு. பருவம் முடிந்ததும் மொத்தமாக வைப்பது தொகுத்தறி மதிப்பீடு. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பொதுத்தேர்வுகள் சான்றிதழ் கொடுக்க. நீட் போன்றவை, இருக்கிற கொஞ்ச இடங்களுக்கு ஆளை வடிகட்ட. நாஸ், பரக், ஸ்லாஸ் (மாநில அடைவு ஆய்வு) என்று காதில் விழுபவை பிள்ளைக்கு வைக்கும் தேர்வே அல்ல, மாவட்டத்துக்கும் மாநிலத்துக்கும் வைக்கும் தேர்வு.

ஒரு வேலைக்குச் செய்த தேர்வை வேறு வேலைக்கு இழுத்தால் வம்புதான். கீழே வரும் குழப்பங்களில் பாதி அதிலிருந்து வந்தவை.

"டெல்லியிலேருந்து பரீட்சை வச்சாங்களாம், எம் மகளும் எழுதுனா. அவளுக்கு எத்தனை மார்க்?"

அவளுக்கென்று மார்க் வராது. நீங்கள் சொல்வது 2024 டிசம்பர் 4 அன்று 3, 6, 9 வகுப்புகளுக்கு மத்திய அரசு நடத்திய பரக் ஆய்வு. நாடு முழுக்கச் சுமார் 74 ஆயிரம் பள்ளிகளில் 21 லட்சம் பிள்ளைகள் எழுதினார்கள். அதற்கு முன் தேசிய அடைவு ஆய்வு, அதாவது நாஸ், என்ற பெயரில் 2017-லும் 2021 நவம்பர் 12 அன்றும் நடந்தது. எல்லாப் பள்ளியிலும் நடக்காது, தேர்ந்தெடுத்த பள்ளியிலும் எல்லாப் பிள்ளையும் எழுத வேண்டியதில்லை. துறைமுகத்தில் வியாபாரி பெட்டியின் மேலே, நடுவே, அடியில் என்று கைவிட்டு நாலு மீனை எடுத்துப் பார்த்துவிட்டு மொத்தப் பெட்டிக்கும் விலை சொல்கிறார் அல்லவா, அதே வேலைதான். அந்த நாலு மீனில் ஒன்றைப் பிடித்து 'உன் விலை என்ன' என்று கேட்க முடியாது.

இன்னொன்று. 2017-லும் 2021-லும் 3, 5, 8 வகுப்புகளைச் சோதித்தார்கள் (2021-ல் பத்தாம் வகுப்பும் உண்டு). 2024-ல் 3, 6, 9. ஆகவே 'அஞ்சாம் வகுப்பு அன்றைக்கு இப்படி, ஆறாம் வகுப்பு இன்றைக்கு இப்படி' என்று ஒப்பிட்டு யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தள்ளிவிட்டுப் போங்கள்.

"வீட்டுக்கே வந்து பிள்ளையைப் படிக்கச் சொன்னாங்க. அது எந்த ஆபீஸு?"

பெரும்பாலும் அசர். பிரதம் என்ற தொண்டு நிறுவனம் 2005 முதல் கிராமங்களில் நடத்தும் ஆய்வு. மாவட்டத்துக்கு 30 கிராமம், கிராமத்துக்கு 20 வீடு. பிள்ளையைத் தனியாக உட்காரவைத்து எழுத்து, சொல், ஒன்றாம் வகுப்புப் பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை என்று ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்வார்கள். கணக்கில் எண்ணை அடையாளம் காட்டுவதில் தொடங்கி, கடன் வாங்கிக் கழித்தல், மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுத்தல் வரை.

வீட்டுக்கு வருவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. பள்ளியில் வைத்தால் அன்றைக்கு வந்த பிள்ளைதான் கணக்கில் வரும். வல்லத்தில் அப்பாவோடு கடலுக்குப் போனவன், தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றவள், பள்ளியையே விட்டவன் எல்லாரும் வீட்டில்தான் அகப்படுவார்கள்.

"எம் பேத்திய 'அரும்பு'ன்னு போட்டுட்டாங்க. பக்கத்து வீட்டுப் புள்ள 'மலர்'. மக்குன்னு சொல்றாங்களா?"

இல்லை அம்மா. எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில் 1 முதல் 3 வகுப்புகளுக்கு வந்தது, பிறகு 4, 5-க்கும் போனது. அதில் பிள்ளை இப்போது நிற்கும் இடத்துக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துப் பாடம் நடத்துகிறார்கள். எழுத்து கூட்டத் தடுமாறும் பிள்ளைக்கு அங்கிருந்தே சொல்லிக்கொடுக்கத்தான் இந்தப் பிரிவு. பேத்தி அரும்பில் இருப்பதில் குற்றமில்லை. ஆறு மாதம் கழித்தும் அங்கேயே இருந்தால் மட்டும் டீச்சரிடம் போய் உட்காருங்கள். ஒரு தடவை போட்ட முத்திரையை மாற்றாமல் விட்டால், எவ்வளவு நல்ல பெயர் வைத்தாலும் அது முத்திரைதான்.

"எட்டு வரைக்கும் எல்லாரையும் பாஸ் போட்டா எப்படிப் படிப்பான்? நிறுத்தி வச்சாத்தானே புத்தி வரும்?"

இந்தக் கேள்வியில் நியாயமான கோபம் இருக்கிறது. ஆனால் ஆராய்ச்சி வேறு பக்கம் சாய்கிறது. அமெரிக்காவில் சிகாகோ நகரப் பள்ளிகளில் பிள்ளைகளை நிறுத்திவைத்ததன் விளைவை ஜேக்கப், லெஃப்கிரென் என்ற இரு பொருளியலாளர்கள் ஆராய்ந்தார்கள். ஆறாம் வகுப்பில் நிறுத்தப்பட்டவர்கள் பள்ளியை விடுவதில் பெரிய மாற்றம் இல்லை. எட்டாம் வகுப்பில் நிறுத்தப்பட்டவர்கள் பள்ளியையே விட்டுப் போவது கூடியது.

நம் கரையில் இதற்கு விளக்கம் தேவையில்லை. பதிமூன்று வயதுப் பையனைத் தன்னைவிடச் சின்னவர்களோடு உட்காரவைத்தால் அவன் அடுத்த வாரம் படகில் இருப்பான். தமிழ்நாட்டில் 5, 8 வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு அறிவித்து, 2020 பிப்ரவரியில் அதைத் திரும்பப் பெற்றார்கள். 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் பள்ளிகளுக்கு விதியை மாற்றியபோதும் இங்கே எட்டு வரை நிறுத்துவதில்லை என்றே சொன்னார்கள். என் எண்ணம்: பாஸ் போடுவது தப்பில்லை. பாஸ் போட்டுவிட்டு, அவனுக்கு என்ன தெரியாது என்று பார்க்காமல் விடுவதுதான் தப்பு.

"எம் மகன் 62, எதுத்த வீட்டுப் பையன் 66. அவன் கெட்டிக்காரன்னு ஊரே சொல்லுது."

ஊர் அவசரப்படுகிறது. ஒரு கேள்வித்தாள் பாடம் முழுவதையும் கேட்பதில்லை, அதிலிருந்து கொஞ்சத்தை எடுத்துக் கேட்கிறது. அதே பாடத்தில் வேறு கேள்விகள் வந்திருந்தால், முதல் நாள் ராத்திரி கரண்ட் போகாமல் இருந்திருந்தால், மார்க் மாறும். இந்த ஆட்டத்துக்கு அளவீட்டுப் பிழை என்று பெயர், அதைக் கணக்கிடவும் செய்யலாம்.

100-க்கு ஒரு தேர்வு. வகுப்பு மார்க்குகளின் திட்டவிலக்கம், அதாவது சராசரியிலிருந்து மார்க்குகள் சிதறி நிற்கும் அளவு, 15 என்று வையுங்கள். தேர்வின் நம்பகத்தன்மை, அதாவது இதே மாதிரித் தேர்வைத் திரும்ப வைத்தாலும் மார்க் மாறாமல் நிற்கும் அளவு, 0.84. 1 என்றால் ஆட்டமே இல்லை என்று அர்த்தம், ஆகவே இது நல்ல எண்தான். 1-லிருந்து 0.84 போக 0.16, அதன் வர்க்கமூலம் 0.4, அதை 15-ஆல் பெருக்கினால் 6. ஆக 62 வாங்கியவனின் உண்மையான நிலை 56-க்கும் 68-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்று மூன்றில் இரண்டு பங்கு நம்பிக்கையோடு சொல்லலாம், அவ்வளவுதான். 66 வாங்கியவனுக்கும் இதே ஆட்டம் உண்டு. இரண்டையும் சேர்த்தால் வித்தியாசத்தின் பிழை எட்டு மார்க்கைத் தாண்டிவிடும். நாலு மார்க்கை வைத்து யார் கெட்டிக்காரன் என்று சொல்ல வழியில்லை.

பொதுத்தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதைத் தமிழ்நாடு அரசு 2017-ல் நிறுத்தியது. அரை மார்க்குக்காக ஒரு பிள்ளைக்கு மாலையும் இன்னொன்றுக்குக் கண்ணீரும் கிடைத்த காலம் அது. எனக்கு அதில் வருத்தமே இல்லை.

"திருத்துறவங்க மூடைப் பொறுத்துதானே மார்க்கு?"

மூடு மட்டும் இல்லை, ஆளும் மாறினால் மார்க் மாறும். 1912-ல் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் ஒரே ஆங்கில விடைத்தாளைப் படியெடுத்துப் பல பள்ளிகளுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள், 142 ஆசிரியர்கள் திருத்தி அனுப்பினார்கள். மார்க் 64-லிருந்து 98 வரை வந்தது. மொழிப்பாடம் என்றால் அப்படித்தான் என்று பலர் சொல்ல, அடுத்த ஆண்டு வடிவியல் தாளை அனுப்பினார்கள். அதில் 28-லிருந்து 90-க்கு மேல் வரை போனது! படத்துக்கு எவ்வளவு, படிநிலைக்கு எவ்வளவு, கையெழுத்துக்கு எவ்வளவு என்று ஒவ்வொருவரும் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள்.

இன்றைக்குப் பொதுத்தேர்வுத் திருத்தும் மையங்களில் விடைக்குறிப்பு கொடுத்துத்தான் திருத்துகிறார்கள், அதனால் இவ்வளவு மோசம் இல்லை. பிளஸ் டூவில் எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் பெரிய இடைவெளி இருந்தால் விடைத்தாள் நகல் வாங்கிப் பாருங்கள், கூட்டல் தவறு கண்ணில் பட்டுவிடும். அதன்பின் மறுமதிப்பீடு கேட்கலாம். அதில் மார்க் குறையவும் செய்யலாம்.

"கடையில கணக்கு டக்குன்னு சொல்றா, பரீட்சையில முட்டை வாங்குறா. இது என்ன கூத்து?"

இந்தப் பக்கத்திலேயே எனக்குப் பிடித்த கேள்வி இது. நான் பார்த்த ஒரு ஐந்தாம் வகுப்புப் பெண், அம்மாவோடு நண்டு விற்க நிற்பாள். கிலோ 280, ஒன்றரைக் கிலோ வேண்டும் என்றால் யோசிக்காமல் 420 என்பாள். 500 ரூபாய்த் தாளை நீட்டினால் "இருவது சேத்தா நானூத்தி நாப்பது, இன்னும் அறுவது" என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே 80 ரூபாயை எண்ணி வைப்பாள். அதே பிள்ளையிடம் நோட்டில் 500 – 420 எழுதிக் கொடுத்தேன். 120 என்று எழுதினாள். எப்படி வந்தது? பூஜ்யத்தில் பூஜ்யம் போக பூஜ்யம். அடுத்ததில் சின்னதிலிருந்து பெரியது போகாது, அதனால் திருப்பிப் போட்டு 2. ஐந்தில் நாலு போக 1. விதியைப் பாதி ஞாபகம் வைத்துப் போட்ட கணக்கு. '120 ரூபா மீதி கொடுப்பியா?' என்று கேட்டதும் சிரித்துவிட்டாள்.

பிரேசில் நாட்டு ரெசிஃபி நகரில் தெருவில் தேங்காய் போன்றவை விற்ற சிறுவர்களிடம் கரேஹர் குழுவினர் இதையே பார்த்தார்கள், 1985-ல் வெளியிட்டார்கள். ஐந்தே பிள்ளைகள்தான். வியாபாரத்தில் கேட்டபோது 98 சதவீதம் சரி, அதே கணக்கை வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37 சதவீதம். ஐந்து பிள்ளைகளை வைத்து எப்படிச் சொல்வது என்று கேட்கலாம். 2025-ல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறுவர்களிடம் பார்த்தார்கள். அங்கேயும் இதே கதைதான். மறுபக்கமும் பார்த்தார்கள்: பள்ளிக்கணக்கை நன்றாகப் போடும் பிள்ளைகள் சந்தைக் கணக்கில் திணறினார்கள்.

ஆகவே அவளுக்குக் கணக்கு தெரியாது என்று அந்த முட்டை சொல்லவில்லை. எழுத்துக் கணக்கின் விதி அவளுக்குப் பிடிபடவில்லை என்று சொல்கிறது. அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும், கடையில் அவள் போடும் வழியிலிருந்தே தொடங்கலாம். தவறான விடையிலும் சேதி இருக்கிறது. 52 – 17-க்கு 35 சரி. 45 என்று எழுதியவன் மேலே சொன்ன தவறைச் செய்கிறான், 69 என்று எழுதியவன் குறியையே பார்க்கவில்லை. இரண்டுக்கும் சிவப்பு மையில் ஒரே பெருக்கல் குறி போட்டால் எதைத் திருத்துவது என்று யாருக்குத் தெரியும்?

"கேள்வியில வரப்பு, நாத்தங்கால்னு வருது. கடக்கரைப் புள்ளைக்கு அது எப்படித் தெரியும்?"

சரியான சந்தேகம். வயல்வேலை பற்றிய பத்தியைக் கொடுத்து வாசிப்புத் திறனைச் சோதித்தால், முதுகுளத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. மூக்கையூர்ப் பிள்ளை சொல்லையும் கண்டுபிடித்து விடையையும் கண்டுபிடிக்க வேண்டும். கரைவலை பற்றிய பத்தி என்றால் நிலைமை தலைகீழ். ஒரே மாவட்டத்துக்குள்ளேயே இப்படி.

இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. மொத்த மார்க் ஒரே அளவில் உள்ள கரைப் பிள்ளைகளையும் உள்நாட்டுப் பிள்ளைகளையும் எடுத்துக்கொண்டு, குறிப்பிட்ட அந்தக் கேள்வியில் மட்டும் ஒரு பக்கம் சறுக்குகிறதா என்று பார்ப்பார்கள். சறுக்கினால் கோளாறு கேள்வியில் இருக்கிறதா என்று கிளறிப் பார்த்து, இருந்தால் தூக்கிவிடுவார்கள். பெரிய ஆய்வுகளில் முன்னோட்டம் வைத்து இதைச் செய்வது வழக்கம். பள்ளி அளவில் யாரும் செய்வதில்லை. கேள்வித்தாள் எடுக்கும் ஆசிரியர் கொஞ்சம் யோசித்தாலே பாதி சரியாகிவிடும்.

"போன வருசம் எங்க ஸ்கூல் நூத்துக்கு நூறு. இந்த வருசம் 83. என்ன ஆச்சு?"

பத்தாம் வகுப்பில் மொத்தம் எத்தனை பேர் என்று முதலில் கேளுங்கள். 12 பேர் என்றால் இரண்டு பேர் தவறினாலே 83.3. அந்த இருவரில் ஒருவனுக்குத் தேர்வன்று காய்ச்சலாகக்கூட இருந்திருக்கலாம். 300 பேர் எழுதும் பள்ளியில் அதே இரண்டு பேர் தவறினால் 99-க்கு மேல் நிற்கும். சின்னப் பள்ளியின் எண் தானாகவே ஏறும், இறங்கும். ஒரு வருட எண்ணுக்காகத் தலைமையாசிரியரைப் பிடித்து உலுக்கவும் வேண்டாம், அவருக்குப் பொன்னாடையும் வேண்டாம். நாலைந்து வருடத்துக்குச் சேர்த்துப் பாருங்கள்.

"டவுன் ஸ்கூல்ல எல்லாரும் 400-க்கு மேல. அங்க சேத்துரலாமா?"

1966-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் ஒரு பெரிய அறிக்கை வந்தது. மார்க் வித்தியாசத்தில் பெரும் பங்கு பள்ளியின் கட்டடம், சாமான்களில் இல்லை, பிள்ளையின் வீட்டுச் சூழலில் இருக்கிறது என்றது. அது கிளப்பிய சண்டை இன்றும் ஓயவில்லை. ஆனால் ஒன்று நிலைத்தது: வெளியே வரும் மார்க்கை மட்டும் பார்த்துப் பள்ளியை எடைபோடக் கூடாது, உள்ளே வந்தபோது பிள்ளை எங்கே இருந்தான் என்றும் பார்க்க வேண்டும். நல்ல மார்க் வாங்குபவர்களாகப் பொறுக்கிச் சேர்க்கும் பள்ளி 450 காட்டுவது பெரிய காரியமில்லை. ஆறாம் வகுப்பில் எழுத்து கூட்டியவனைப் பத்தில் 300-க்குக் கொண்டுவரும் பள்ளிதான் வேலை செய்திருக்கிறது.

சேர்ப்பதும் சேர்க்காததும் உங்கள் விருப்பம். பஸ் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

"உலகப் பரீட்சையில தமிழ்நாடு கடைசியாமே?"

பிசா தேர்வைச் சொல்கிறீர்கள். பெரும்பாலும் பணக்கார நாடுகள் சேர்ந்த ஓஇசிடி அமைப்பு 2000 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு நடத்துவது. 2009 சுற்றின் நீட்டிப்பில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. மொத்தம் 74 பங்கேற்பாளர்கள், நம் இரு மாநிலங்களும் அடியில். வாசிப்பில் தமிழ்நாட்டின் சராசரி 337, ஓஇசிடி நாடுகளின் சராசரி 493. அதற்குப் பின் இந்தியா ஒதுங்கிக்கொண்டது.

கேள்விகள் நம் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று அப்போது சொன்னார்கள். மேலே வரப்பு பற்றிச் சொன்னதை வைத்துப் பார்த்தால் அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் 150 புள்ளி வித்தியாசத்தை அது மட்டும் விளக்காது. மனப்பாடம் செய்ததை எழுதச் சொன்னால் எழுதும் பிள்ளைகள், பார்க்காத பத்தியைக் கொடுத்து யோசிக்கச் சொன்னால் திணறினார்கள் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதிலும் பிசா பள்ளியில் இருக்கும் 15 வயதினரை மட்டுமே சோதிக்கிறது. பள்ளியை விட்டுப் படகேறியவன் அந்த 337-க்குள் இல்லவே இல்லை.

"நீட்டுல அம்பது பெர்சென்டைல்னா பாதி மார்க்கா?"

இல்லை. எழுதியவர்களை மார்க்குப்படி வரிசையில் நிறுத்தினால் உங்கள் மகள் எத்தனை சதவீதம் பேருக்கு முன்னால் நிற்கிறாள் என்பதுதான் பெர்சென்டைல். எல்லாரும் குறைவாக எடுத்தால் குறைந்த மார்க்குக்கே 50 பெர்சென்டைல் வந்துவிடும். நீட்டில் தகுதிபெற பொதுப்பிரிவுக்கு 50, ஓபிசி, எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 40. தகுதி பெறுவது வேறு, சீட் கிடைப்பது வேறு. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 முதல் மருத்துவத்தில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருப்பதை மறக்க வேண்டாம்.

"தினம் டெஸ்ட் வச்சு பிள்ளையைச் சாகடிக்கிறாங்க."

மார்க் போட்டு, வரிசைப்படுத்தி, முட்டிபோட வைத்தால் சாகடிப்பதுதான். ஆனால் மார்க் இல்லாத சின்ன டெஸ்ட் வேறு சங்கதி. 2006-ல் ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் மாணவர்களை ஒரு பத்தி படிக்கவைத்தார்கள். ஒரு குழு அதையே திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு ஒருமுறை படித்துவிட்டு, புத்தகத்தை மூடி, ஞாபகம் உள்ளதை மூன்று முறை எழுதிப்பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பப் படித்தவர்களே முன்னிலை. ஒரு வாரம் கழித்து அவர்களிடம் 40 சதவீதம்தான் மிச்சம், எழுதிப்பார்த்தவர்களிடம் 61.

பிள்ளை சத்தம்போட்டுப் படிப்பதைக் கேட்டுச் சந்தோஷப்படும் வாப்பாமார்கள் புத்தகத்தை வாங்கி மூடிவைத்து, 'சரி, இப்ப சொல்லு' என்று கேட்டுப்பாருங்கள்.

"கொரோனாவுல போன படிப்பு திரும்பி வந்துச்சா?"

பெரும்பகுதி வந்தது. அபிஜீத் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் ஊரகத் தமிழ்நாட்டில் சுமார் 19 ஆயிரம் பிள்ளைகளை வீடுகளில் சோதித்தார்கள். 2021 டிசம்பரில், கொரோனாவுக்கு முன் அதே வயதில் இருந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டால், கணக்கில் 0.7 திட்டவிலக்கமும் மொழியில் 0.34-ம் பின்தங்கியிருந்தார்கள். (திட்டவிலக்கம் என்ன என்று 62, 66 பதிலில் பாருங்கள்.) பள்ளி திறந்த ஆறு மாதத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. மீண்டதில் கிட்டத்தட்ட கால்பங்கு இல்லம் தேடிக் கல்வியால் என்று கணக்கிட்டார்கள். சாயங்காலம் திண்ணையில் பாய் விரித்து உட்காரவைத்த நம் தன்னார்வலர் பெண்களுக்கு இந்த எண்ணை யாராவது சொன்னார்களா தெரியவில்லை.

"மாவட்டம் முன்னேறிருச்சுன்னு பேப்பர்ல போடுறான். வாத்தியாரே விடையைச் சொல்லிக்கொடுத்தா முன்னேறாம என்ன செய்யும்?"

2018-ல் மத்திய அரசு தொடங்கிய முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டத்தில் ராமநாதபுரமும் உண்டு, தரவரிசையில் கல்விக்கு 30 சதவீத எடை. ஒரு எண்ணுக்கு இவ்வளவு மவுசு வந்தால் அந்த எண்ணை வளைக்கவும் ஆள் வரும் என்று அமெரிக்க அறிஞர் டொனால்ட் கேம்பல் 1970-களிலேயே எச்சரித்தார். அட்லாண்டா நகரில் நடந்தது அதுதான். 2011 விசாரணையில் பார்த்த 56 பள்ளிகளில் 44-ல் மோசடி, சிக்கியவர்கள் 178 பேர். தவறான விடையை அழித்துச் சரியான விடையைக் குறித்த தடங்கள் அளவுக்கு மீறி இருந்ததுதான் காட்டிக்கொடுத்தது. நம் ஆசிரியர்கள் எல்லாரையும் நான் சந்தேகப்படவில்லை. கேட்டது நீங்கள், வழியைச் சொல்கிறேன்.

சிகாகோவில் ஜேக்கப், லெவிட் இருவரும் இரண்டு அடையாளங்களைத் தேடினார்கள்: ஒரு வகுப்பில் பலருக்கும் வரிசையாக ஒரே விடைகள், திடீரென ஏறிய மார்க் அடுத்த ஆண்டு தடாலென விழுவது. உண்மையில் படித்தது ஒரே கோடை விடுமுறையில் கரைந்துபோகாது. முதல் அடையாளத்தைப் பார்க்க விடைத்தாள் வேண்டும், அது நம் கைக்கு வராது. இரண்டாவதை யாரும் பார்க்கலாம். 2024-ல் 3-ஆம் வகுப்பில் இருந்த நம் மாவட்டப் பிள்ளைகள் 2027 டிசம்பரில் 6-ஆம் வகுப்பில் இருப்பார்கள். 2024 பரக் ஆய்வில் மாவட்டத்தின் 3-ஆம் வகுப்பு எண் மாநில சராசரிக்கு எவ்வளவு மேலே அல்லது கீழே என்று குறித்து வையுங்கள். அடுத்த ஆய்வு அந்த ஆண்டில் நடந்தால் 6-ஆம் வகுப்புக்கும் அதையே பாருங்கள். மேலே நின்ற எண் தடாலென விழுந்திருந்தால் சந்தேகப்பட இடமுண்டு.